மாசில் வீணையும் சுண்ணாம்புக் காளவாயும்: அப்பர் பாடிய மாறாத இன்பம் பற்றிச் சில கேள்விகள்

எங்கள் பகுதிக் கோயிலில் வெள்ளிக்கிழமை மாலை ஏழெட்டுப் பேர் கூடித் தேவாரம் படிக்கிறோம். ஓதுவார் யாரும் இல்லை. பண்ணும் சரியாக வராது. படித்து முடித்ததும் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் பேசுவோம். அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் புலவன் இல்லை. அப்பரை நெடுநாளாகப் படித்துவரும் ஒரு வாசகன், அவ்வளவுதான்.

வேலை, உடம்பு, உறவு என்று எல்லாமே மாறுகிறது. இதற்கு நடுவில் 'கடவுளிடம் மாறாத மகிழ்ச்சி' என்பது சும்மா பேச்சுதானே?

சொல்பவர் யார் என்பதைப் பொறுத்தது. வசதியாக இருப்பவர் சொன்னால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். அதனால்தான் நான் அப்பரிடம் போகிறேன். அப்பர் காலத்திலேயே தேவாரம் பாடிய சம்பந்தர் மூன்று வயதில் ஞானப்பால் உண்டு பாடத் தொடங்கியவர். அப்பர் கதை வேறு. சின்ன வயதில் பெற்றோரை இழந்தார், சமயம் மாறினார், தீராத வயிற்றுவலியில் விழுந்தார், மறுபடி சமயம் மாறினார், அரசனின் கோபத்துக்கு ஆளானார், பஞ்சம் பார்த்தார், 81 வயதுவரை ஊர் ஊராக நடந்தார். அப்படிப்பட்ட மனிதர் 'இன்பமே எந்நாளும் துன்பமில்லை' என்று பாடினால், என்னதான் சொல்கிறார் என்று உட்கார்ந்து கேட்கத் தோன்றுகிறது.

அப்பரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஏழாம் நூற்றாண்டு. திருவாமூரில் புகழனார், மாதினியார் தம்பதியின் மகன். இயற்பெயர் மருணீக்கியார். அக்கா திலகவதியார். சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு பெரிய நிலையில் இருந்தார். சூலை நோய், அதாவது அந்த வயிற்றுவலி, வந்து, அக்காவிடம் திரும்பி வந்து, திருவதிகை வீரட்டானத்தில் பாடத் தொடங்கினார். திருநாவுக்கரசர் என்ற பெயர் அங்கே கிடைத்தது. 'அப்பரே' என்று கூப்பிட்டவர் சம்பந்தர். 300-க்கும் மேற்பட்ட பதிகங்கள் (பத்துப் பாட்டு அளவிலான தொகுப்புகள்) இன்று கிடைக்கின்றன. நான்கு, ஐந்து, ஆறாம் திருமுறைகள் அவருடையவை.

ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வாழ்க்கைக் கதையில் பெரும்பகுதி சேக்கிழார் வழியாக வருகிறது. அவர் எழுதிய பெரியபுராணம் 12-ஆம் நூற்றாண்டு நூல். இடையில் ஐந்நூறு ஆண்டு. அப்பரே தன் பாட்டில் சொன்னவையும் உண்டு. சமணர்கள் கல்லோடு தன்னைக் கட்டி நீரில் தள்ளியதை நீலக்குடிப் பதிகத்தில் அவரே பாடுகிறார். நான் பேசும்போது இரண்டையும் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன். இந்தக் கதையை வைத்துச் சமணர்கள்மேல் இன்று கோபம் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வெள்ளிக்கிழமைப் பேச்சில் அதற்கு இடமில்லை.

'மாசில் வீணையும்' பாட்டு சுண்ணாம்புக் காளவாய்க்குள் பாடியதா? அதில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் பாட்டு:

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே.

புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொருவரும் 'மாலை மதியம்' வந்ததும் நிறுத்துவார்கள். மாலையா, மதியமா, ஏதாவது ஒன்றுதானே இருக்க முடியும்? இங்கே மதியம் என்றால் நிலா. மத்தியானம் இல்லை. இதைச் சொன்னதும் அவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்ப்பதற்காகவே நான் முன்கூட்டிச் சொல்வதில்லை.

சேக்கிழார் சொல்வது இது: பல்லவ அரசன் ஆணைப்படி அப்பரை நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், ஏழு நாள் அடைத்தார்கள். உள்ளே அவர் இந்தப் பாட்டைப் பாடினார். திறந்து பார்த்தபோது அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அரசன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பாட்டில் காளவாய் என்ற சொல்லே இல்லை. வெப்பம் என்ற சொல்கூட இல்லை. இளவேனில் இருக்கிறது, அதுவும் கவிஞர்களின் இதமான இளவேனில்தான், நாம் ஃபேனுக்குக் கீழே தவிக்கும் சித்திரை, வைகாசி இல்லை.

பல வருடம் இந்தப் பாட்டை இனிமையான உவமைகளின் அடுக்காக மட்டுமே படித்துவந்தேன். அப்புறம் ஒருநாள் கடைசிச் சொல்லில் கண் நின்றது. நீழல், அதாவது நிழல். திருவடி நிழல் என்பது பக்தி இலக்கியத்தில் பழகிய வழக்குதான், அவர் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. ஆனாலும் அந்தச் சொல் எங்கே இருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பங்குனி வெயிலில் வெறுங்காலோடு நடந்தவனுக்குத்தான் புளியமரம் என்றால் என்ன என்று தெரியும். மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போதும் நாலடி தள்ளித் தார்ச்சாலை கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. நிழல் இருக்கிறது என்றாலே வெயிலும் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அப்பர் சொல்லும் இன்பத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பருவம் மாறிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. இருக்க ஓர் இடம் கிடைத்தது என்கிறார்.

இன்னொன்றும் உண்டு. அவர் எடுத்த உவமைகள் எல்லாமே நிற்காதவை. மீட்டும் கை ஓய்ந்தால் வீணை ஓயும். நிலா தேயும். தென்றல் சில மாதம்தான். பொய்கை வற்றும். மாறிப்போகும் ஐந்து இன்பங்களைச் சேர்த்து வைத்துத்தான் மாறாததைக் காட்டுகிறார். அவற்றைக் கேவலமாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பக்தி வந்தால் பாட்டு கேட்கக் கூடாது, நல்ல சாப்பாட்டை ரசிக்கக் கூடாது என்று முகத்தைச் சுளிப்பவர்களுக்கு இந்தப் பாட்டை நான் சிபாரிசு செய்வேன்.

'இன்பமே எந்நாளும் துன்பமில்லை' என்றால் பக்தருக்குக் கஷ்டமே வராது என்றா?

வந்ததே! வயிற்றுவலியில் துடித்தவர்தான் அதே பாட்டில் 'பிணியறியோம்' என்றும் பாடுகிறார். தனக்கு நோய் வந்ததே இல்லை என்று அவர் ஊரை ஏமாற்றவில்லை. வலியை விரிவாகப் பாடி வைத்ததே அவர்தான். அந்தப் பாட்டு 'நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்' என்று தொடங்குகிறது. அரசன் ஆள் அனுப்பி அழைத்தபோது பாடியது என்பது சேக்கிழார் கதை. பாட்டின் முடிவைப் பாருங்கள்: சங்கரனுக்கு 'மீளா ஆளாய்' அவன் சேவடியைச் சேர்ந்துவிட்டோம் என்கிறார். திரும்ப முடியாத, திரும்ப விரும்பாத ஆள். துன்பமில்லை என்ற துணிச்சல் அந்தச் சேர்மானத்தில் இருந்து வருகிறது, உடல்நிலையில் இருந்து இல்லை. நான் யாருடைய ஆள் என்ற விஷயம் முடிவாகிவிட்டது, மற்றது வரட்டும் என்கிற தொனி.

இதே துணிச்சலை இன்னும் உரக்கச் சொல்லும் பாட்டும் ஒன்று உண்டு: 'வானம் துளங்கில் என், மண்கம்பம் ஆகில் என்' என்று தொடங்கும். வானம் ஆடட்டும், பூமி நடுங்கட்டும், மலை தலைகீழாகட்டும், அதனால் என்ன என்கிறார். என் வீட்டில் குழாய்த் தண்ணீர் வராவிட்டாலே எனக்கு அன்றைய நாள் போய்விடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் அழக் கூடாதா? புலம்பினால் நம்பிக்கை குறைவு என்கிறார்களே?

அப்பரின் முதல் பாட்டே புலம்பல்தான். 'கூற்றாயினவாறு விலக்ககலீர்' என்று எடுத்த எடுப்பில் இறைவனிடம் முறையிடுகிறார். எமன் மாதிரி வதைக்கும் இந்த நோயை ஏன் நீக்கவில்லை? குடலைச் சுற்றி முடக்குகிறதே, 'ஆற்றேன் அடியேன்', என்னால் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் இரவு கேட்கும் குரல் இது. இந்தப் பதிகத்தைத்தான் திருமுறையில் அவர் பாடல்களுக்கு முதலில் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பதிகத்திலேயே, வலிக்கு நடுவில், 'நலம் தீங்கிலும் உன்னை மறந்தறியேன்' என்ற வரி வருகிறது. நல்லதிலும் கெட்டதிலும் உன்னை மறந்ததில்லை. எனக்கு இது நெடுநாள் உறுத்தியது. மறக்கவில்லை என்றால் நடுவில் வேறு சமயத்தில் இருந்த அத்தனை வருடமும் என்ன கணக்கு? இப்போது எனக்குத் தோன்றுவது: வீட்டைவிட்டுப் போய்ப் பல வருடம் கழித்து வரும் மகனும் 'உன்னை மறந்தா இருந்தேன் அம்மா' என்றுதான் சொல்வான். அம்மா அதைப் பொய் என்று எடுத்துக்கொள்வதில்லை.

என் அப்பா இறந்த வருடம், ஆறு மாதம் இந்தப் பதிகத்தைத் தவிர வேறெதுவும் என்னால் வாய்விட்டுப் பாட முடியவில்லை. மாசில் வீணைப் பக்கம் போகவே இல்லை. அது தப்பு என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அப்பருக்கு நோய் தீர்ந்தது, கல் மிதந்தது. எங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை. எங்களுக்கு என்ன சொல்வீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மகனை இழந்த ஒரு அம்மா. திங்களூரில் அப்பூதியடிகள் மகனைப் பாம்பு தீண்டியதும், அப்பர் பாடி அவன் எழுந்ததும் படித்துக்கொண்டிருந்தோம். நான் பதில் சொல்லவில்லை. அன்று யாருமே பேசவில்லை.

அப்புறம் யோசித்ததில் நான் போய்ச் சேர்ந்த இடம் திலகவதியார். அவருக்கு எந்த அற்புதமும் நடக்கவில்லை. கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு அவரை நிச்சயித்திருந்தார்கள். கலிப்பகையார் போருக்குப் போனார். அதற்குள் அப்பா இறந்தார், அம்மாவும் கூடவே போனார். பின்னாலேயே கலிப்பகையார் போரில் இறந்த செய்தி வந்தது. சேக்கிழார் கணக்குப்படி அப்போது அவருக்கு வயது பன்னிரண்டை ஒட்டித்தான் இருக்கும். உயிரை விடத் துணிந்தவரின் காலில் தம்பி விழுந்து அழுதான். தம்பிக்காக உயிரோடு இருந்தார். அந்தத் தம்பியும் வளர்ந்து வேறு வழி போய்விட்டான்.

திலகவதியார் என்ன செய்தார்? திருவதிகைக்குப் போனார். விடிவதற்கு முன் எழுந்து கோயிலைக் கூட்டினார், சாணம் கொண்டு மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார். தம்பிக்காக வேண்டிக்கொண்டார். இப்படியே வருடங்கள் போயின. போன யாரும் திரும்பி வரவில்லை. தம்பி மட்டும் ஒருநாள் இரவில், வலியோடு, யாருக்கும் தெரியாமல் வந்து வாசலில் விழுந்தான். விடிவதற்கு முன்னாலேயே அவனுக்குத் திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனார்.

அவர் பாடியதாக ஒரு பாட்டுகூட நம்மிடம் இல்லை. மகிழ்ச்சியாக இருந்தாரா என்று கேட்டால், இருந்தார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பர் படித்த பள்ளிக்கூடம் அவர்தான் என்பது என் எண்ணம். கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்டவர் கரையேறிய இடம் இன்றைய கடலூர்ப் பக்கம், திருப்பாதிரிப்புலியூர். அங்கே அவர் பாடிய பாட்டு 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய் உடன்தோன்றினராய்' என்று தொடங்குகிறது. பெற்றவள், தந்தை, கூடப் பிறந்தவர். அவருக்கு முதல் இருவரும் சீக்கிரமே போய்விட்டார்கள். மூன்றாவது சொல்லில் யார் முகம் இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, தினமும் செய்யக்கூடியதாக ஏதாவது சொல்லுங்கள்.

அப்பரே சொல்லியிருக்கிறார், திருவாரூரை நினைத்துப் பாடிய பாட்டில். 'நிலைபெறுமாறு எண்ணுதியேல் நெஞ்சே நீ வா' என்று தன் மனசைக் கூப்பிடுகிறார். நிலைக்க வேண்டும் என்று நினைக்கிறாயா, வா என் கூட. என்ன செய்ய? 'புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கும் இட்டு', பூமாலை புனைந்து, புகழ்ந்து பாடி, தலையாரக் கும்பிட்டு, கூத்தும் ஆடு.

விடிவதற்கு முன் கூட்டி மெழுகு என்கிற அந்த வரி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? அக்கா செய்த வேலை அது. திலகவதியாரின் தொண்டைச் சொல்லும்போது சேக்கிழாரும் 'புலர்வதன்முன்' என்ற அதே சொல்லை எடுத்துக்கொள்கிறார்.

இதில் எனக்குப் பிடித்தது வரிசை. பாட்டும் கூத்தும் கடைசியில்தான் வருகின்றன. துடைப்பம் முதலில். மனசு குளிர்ந்த பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்கச் சொல்லவில்லை. அப்பர் கையில் எப்போதும் இருந்தது உழவாரம். கோயில் தரையில், மதிலில் முளைக்கும் புல்லைச் செதுக்கும் கருவி. சிலைகளில் அவரை அடையாளம் காண்பதே அதை வைத்துத்தான். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கோயில்களில் உழவாரப் பணி செய்யும் குழுக்கள் பல ஊர்களில் உண்டு. ஒருமுறை போய்ப் பாருங்கள். மதியம் இடுப்பு வலிக்கும், சாம்பார் சாதம் கிடைக்கும், வீட்டுக்கு வரும்போது மனசு ஏதோ லேசாக இருக்கும். 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்ற வரியைப் பலரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய வரி 'தன்கடன் அடியேனையும் தாங்குதல்'. தாங்குவது அவன் பொறுப்பு என்று ஒதுக்கிவிட்ட பிறகுதான் தன் வேலையைச் சொல்கிறார்.

கும்பிடுகிறேன், பாடுகிறேன். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. ஏன்?

'மாசில் வீணை' வரும் அதே பதிகத்தின் கடைசிப் பாட்டைப் படியுங்கள். விறகில் தீ போல, பாலில் நெய் போல அவன் மறைந்து நிற்கிறான் என்கிறார். உறவு என்ற கோலை நட்டு, உணர்வு என்ற கயிற்றால் 'முறுக வாங்கிக் கடைய முன் நிற்குமே'. மத்துப் பிடித்துக் கடைந்தவர்களுக்குத் தெரியும், வெண்ணெய் திரளும்வரை பானையில் எதுவும் மாறுவதாகவே தெரியாது. மிக்ஸியில் அடிப்பவர்களுக்கு இது கொஞ்சம் புரியாது.

ஆனால் ஒன்று. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், அதைப் பக்திக் குறைவு என்று நினைத்து ஒளித்து வைக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். அப்பரும் வலியோடு தனியாகக் கிடக்கவில்லை. சமையற்காரர் மூலம் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார், அப்புறம் தானே எழுந்து போனார்.

பணக் கஷ்டம் கழுத்தை நெரிக்கும்போது இதெல்லாம் எடுபடுமா?

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் அங்கே இருந்தார்கள். இருவருக்கும் தினம் ஒரு காசு கோயில் படியில் கிடைத்தது என்பது கதை. அதை வைத்து ஊருக்குச் சோறு போட்டார்கள். அப்பருக்குக் கிடைத்தது நல்ல காசு. சம்பந்தர் காசுக்கு வட்டம் (மாற்றும்போது கழிவு) பிடித்தார்கள், அதனால் அவர் மடத்தில் சமையல் தாமதம். கையால் உழைப்பவர் என்பதால் அப்பருக்கு அந்தச் சலுகை என்று சேக்கிழார் சொல்கிறார். சம்பந்தர் சும்மா இருப்பாரா? 'வாசி தீரவே காசு நல்குவீர்', அந்தக் கழிவு இல்லாத காசு கொடுங்கள், என்று பாடி வாங்கினார். நியாயமாக வரவேண்டியதைக் கேட்பதில் வெட்கம் இல்லை என்றுதான் நான் இதில் எடுத்துக்கொள்கிறேன்.

வயதாகிவிட்டது. 'குறிக்கோள் இலாது கெட்டேன்' என்ற வரியைப் படித்தால் பயமாக இருக்கிறது.

திருக்கொண்டீச்சரத்துப் பாட்டு அது. சிறுவனாய்க் கழிந்த நாள், பெண்கள் மேல் ஆசையாய்க் கழிந்த நாள், மூப்பு வந்து கோல் ஊன்றிக் கழிந்த நாள், மூன்றையும் எண்ணிக் 'குறிக்கோள் இலாது கெட்டேன்' என்கிறார். இதை மேடையில் இளைஞர்களைத் திட்டப் பயன்படுத்துகிறார்கள். திட்டு இல்லை அது. கிழவர் ஒருவர் தன்னைப் பற்றித் தன் சாமியிடம் சொல்லிக்கொள்வது.

அந்தக் கிழவரே பிறகு கயிலைக்குப் போகக் கிளம்பினார். கால் தேய்ந்தபின் கையால், கை தேய்ந்தபின் மார்பால், அதுவும் முடியாமல் உருண்டும் போனார் என்கிறார் சேக்கிழார். முனிவராக வந்த இறைவன் திரும்பிப் போகச் சொல்ல, அவர் மறுக்க, கடைசியில் ஒரு பொய்கையில் மூழ்கச் சொன்னார். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். அங்கே அவர் கண்டது என்ன? பிடியோடு களிறு வருகிறது. சேவலும் பெடையும், குயில், மயில், கிளி, பசுவும் காளையும் இணை இணையாக வருகின்றன. 'கண்டேன் அவர் திருப்பாதம் கண்டறியாதன கண்டேன்' என்று பாடுகிறார். இமயத்துக்குப் போய்ப் பார்க்க நினைத்ததைக் காவிரிக்கரையில், தினம் தெருவில் திரியும் ஜீவன்களில் பார்த்துவிட்டார். அந்தப் பாட்டில் அவர் ஐயாற்றுக்கு வந்ததை 'யாதும் சுவடு படாமல்' என்கிறார். அடிச்சுவடுகூடப் பதியாமல். உடம்பைத் தேய்த்து நடந்த அத்தனை தூரத்துக்குப் பிறகு இந்த வரி. ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த இடத்தில் குரல் கம்மும்.

அம்மாவால் படுக்கையை விட்டு எழ முடியாது. கோயிலுக்குப் போக வழியில்லை.

'காயமே கோயிலாக' என்ற பாட்டைச் சொல்லிக் கொடுங்கள். உடம்பு கோயில், மனசு அதற்கு அடிமை, வாய்மை தூய்மை, நேயம்தான் நெய்யும் பாலும். பூசைக்கு வேண்டிய எல்லாம் கட்டிலிலேயே இருக்கிறது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதும், பாடுவது நீங்களாக இருங்கள்.

தமிழே தடுமாறும் பிள்ளைகளுக்கு எதில் தொடங்கலாம்?

மாசில் வீணையில். நாலு வரி, ஓசை தானே இழுத்துக்கொண்டு போகும். பொருளை முதல் நாளே கொட்ட வேண்டாம். 'மதியம்' என்றால் என்ன என்று அவர்களே ஒருநாள் வந்து கேட்பார்கள்.